குட்டைக்குழாய் முட்டிய இடம்

அவள் அளந்தாள் என்று நம்ப அந்தப் பட்டறையில் ஒரு ஆள் கிடையாது.

இத்தனைக்கும் பட்டறையில் அவளுக்குப் பெயரே டேப்பு. இடுப்பில் அளவு டேப்பும் மேல்பையில் கோணமானியுமாக ஐந்து வருஷம் ஓட்டியிருக்கிறாள். வெல்டிங் முடிந்து வருகிற ஒவ்வொரு சாமானையும் அளந்து, அட்டையில் எண்ணை எழுதி, பக்கத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்து வைப்பது அவள் வேலை. அளக்காத எண்ணை அவள் எழுதியதே இல்லை. ஒரு மில்லிமீட்டருக்காக வெல்டர்களோடு மல்லுக்கு நிற்பாள். அவள் நடந்து வந்தால், "டேப்பு வருது, வயித்த எக்கிக்க, இல்லன்னா உன்னையும் திருப்பி அனுப்பிரும்" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரிப்பான்.

இப்போது சிரிப்பு இல்லை. முதலாளி அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒரு அட்டையை அவள் முன்னால் நகர்த்தினார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா மொதலாளி."

"நெட்டைக்குழாய் ரெண்டாயிரம் மில்லி. குட்டைக்குழாய் ஆயிரத்து இருநூத்தி அஞ்சு. கோணம் முப்பத்தேழு. மூணுக்கும் டிக்கு."

"அளந்துதான் போட்டேன்."

"அளந்திருந்தா, பதினொண்ணரை சென்டிமீட்டர் கொறச்சலா இருக்கற சட்டம் எப்படிம்மா வெளிய போச்சு? ஒரு மில்லி ரெண்டு மில்லின்னா கண்ணு தப்பிருச்சுன்னு விட்டுரலாம். இது என் கையகலம் இருக்கு."

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லும் பழக்கமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதை முதலாளியும் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். பேருந்துக்கு நிற்கிறவர்கள் தலைக்கு மேல் ஒரு நீளக் கூரை. அதைத் தாங்க இருபத்துநான்கு முக்கோணச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இரும்புக்குழாய்: சாய்வாக ஏறுகிற நெட்டை, மறுபக்கம் இறங்குகிற குட்டை, இரண்டையும் கீழே கட்டிப்போடுகிற அடிக்குழாய். இருபத்துநான்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். எதை எடுத்து எங்கே வைத்தாலும் உட்கார வேண்டும். இருபத்துமூன்று உட்கார்ந்தன. கடைசிச் சட்டத்தின் ஒரு நுனி தூணில் இருந்த பிடிக்குள் உட்கார்ந்தது. மறுநுனி அடுத்த தூணுக்கு எட்டவில்லை. மேலே இருந்தவன் சங்கிலி போட்டான், கீழே இருந்தவர்கள் இழுத்தார்கள். உட்கார்ந்திருந்த நுனியும் பிடியை விட்டு எகிறியது. சட்டம் சங்கிலியில் தொங்கியது. அவன்தான் கீழே வந்தான். இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. அந்தச் சட்டம் இன்னும் அங்கேயே கிடந்தது. திங்கட்கிழமை லாரியில் வரும் என்று சொன்னார்கள்.

மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எதைக் கேட்டாலும் "சிம்பிள்" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு சிம்பிள் சார் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை.

"சிம்பிள். இந்தச் சட்டத்த அளக்காம டிக் போட்டுட்டேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுரு. போலீசு கேஸுன்னு போகாம மொதலாளி பாத்துக்குவாரு. நீ வேலைய விட்டுட்டு அமைதியா போயிரலாம்."

"நான் அளந்தேன் சார்."

"திரும்பத் திரும்ப அதையே பாடாத. ரெண்டு பக்கமும் ஒரு கோணமும் ஒத்துப்போனா முக்கோணம் ரெண்டும் சர்வசமம். எட்டாங்கிளாஸ் பாடம். நீ எழுதியிருக்கற மூணு எண்ணும் சரின்னா, சட்டம் சரியா இருக்கணும். சட்டம் சரியில்ல. அப்ப நீ எழுதினது பொய். இதுல என்ன இருக்கு?"

அட்டையை அப்படி அமைத்ததே அவர்தான். முன்பெல்லாம் மூன்று குழாயையும் அளப்பாள். சட்டங்கள் மரத்தாங்கியின் பள்ளத்தில் அடிக்குழாய் புதைந்தபடி வரிசையாக நிற்கும். அதை அளக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து சட்டத்தைத் தூக்க வேண்டும். ஒரு ஆள் வேலைக்கு மூன்று ஆள் எதற்கு என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடிக்குழாயை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு கோணத்தைச் சேர்த்தார். உச்சியில், நெட்டையும் குட்டையும் சேருகிற இடத்தில், சங்கிலி மாட்டும் கொக்கித் தகடு மூடியிருப்பதால் கோணமானி உட்காராது. நெட்டைக்குழாயின் அடியில் தாராளமாக உட்காரும். அதனால் அடியில் இருக்கிற கோணம். அன்றைக்கும் சிம்பிள் என்றுதான் சொன்னார்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

"திங்கக்கெழம காலைல லாரி வர்றதுக்குள்ள சொல்லு" என்றார் சிம்பிள் சார். ஏன் லாரிக்கு முன்னால் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

*

வீடு அதைவிட மோசம்.

கீழே விழுந்தவனைப் பட்டறையில் பல்லி என்று கூப்பிடுவார்கள். கூரையில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்வான். அவன் அவளுடைய அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் அதே பட்டறையில் வெல்டர். கல்யாணமாகி வந்த அண்ணி, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தம்பியையும் அங்கேயே சேர்த்துவிடச் சொன்னாள். ஆக, ஒரே குடும்பத்தில் ஒருவன் ஒட்டினான், ஒருத்தி அளந்தாள், ஒருவன் தூக்கிக்கொண்டு மேலே போனான்.

பல்லிக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. லாரியில் சாமான் ஏற்றும்போது அட்டையைப் புரட்டுவான். "டேப்பு கையெழுத்து இருக்கா? அப்ப கண்ண மூடிக்கிட்டு ஏறலாம். இல்லன்னா இன்சூரன்ஸ் கட்டிட்டுத்தான் ஏறணும்" என்பான். அன்றைக்கும் மேலிருந்து அதைத்தான் கேட்டானாம். நுனி எட்டவில்லை என்று கீழே இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். "டேப்பு டிக் போட்டதுதானே? அப்ப வரும், இழு" என்றானாம். அதை ஒருவன் வந்து அண்ணியிடம் அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனான். நல்ல மனுஷன், எதையும் விட்டுவிடவில்லை.

அன்றிலிருந்து அண்ணி அவளோடு பேசுவதில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போனாள். ஒரே ஒருநாள் மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"அண்ணி, நான் அளந்தேன்."

"அவன் இனிமே ஏற மாட்டானாம். டாக்டர் சொல்லிட்டாரு. நீ அளந்த."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, மனைவிக்காகவும் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான், பாவம் என்று அவள் நினைத்தாள்.

நினைத்ததோடு இன்னொன்றும் நடந்தது. தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. இருபத்துநான்கு சட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு, கடைசிச் சட்டத்தின்போது சாயங்காலம், லாரி வாசலில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. டேப்பை இழுத்தது ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது. அல்லது இருபத்துமூன்று முறை இழுத்த ஞாபகம் இருபத்துநான்காவதாக வந்து நிற்கிறதா? பஸ்ஸில் வரும்போது எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்து முப்பத்தேழா நாற்பதா என்று கணக்குப் பண்ணிக்கொண்டு வந்தாள். பைத்தியம் பிடிப்பதென்றால் இப்படித்தான் தொடங்கும்போல.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அண்ணன் வெளியே எங்கேயோ போயிருந்தான். அவள் பரணிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை இறக்கி, ஒரு பக்கத்தை அறுத்துத் தரையில் விரித்தாள்.

தன்னுடைய எண் தப்பு என்றால் எந்த எண் தப்பு? அதைத்தான் அவள் தெரிந்துகொள்ள நினைத்தாள். அடிக்குழாய் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து இருக்க வேண்டும். கூரை போடும் இடத்தில் அளந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்பதுதான் என்று போனில் சொல்லியிருந்தார்கள். நெட்டையில் கோட்டைவிட்டாளா, குட்டையிலா, கோணத்திலா? பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் தன் எண்களையே போட்டாள். அடிக்கோடு எங்கே முடியும் என்று தெரியாததால் அட்டையின் விளிம்புவரை நீளமாக இழுத்தாள். கோணமானியை வைத்து முப்பத்தேழு. அந்தச் சாய்வில் இருபது சென்டிமீட்டர் நெட்டை. நெட்டையின் உச்சியில் குண்டூசி குத்தி, அதில் நூலைக் கட்டி, பன்னிரண்டு சென்டிமீட்டரும் அரை மில்லிமீட்டரும் விட்டு மறுமுனையில் பென்சிலைக் கட்டினாள். இந்த நூல்தான் குட்டைக்குழாய். விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சுற்றினாள்.

பென்சில் அடிக்கோட்டைத் தொட்டது. அப்படியே மயிரிழை கீழே இறங்கி, திரும்ப ஏறி, இன்னொரு தடவை தொட்டது.

நூல் நழுவிவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் சுற்றினாள். அதேதான். ஒரே நூல், ஒரே நீளம், ஒரே கோடு. இரண்டு இடத்தில் வெட்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அளவுகோலை வைத்தாள். தூரத்துப் புள்ளி பதினாறரை தாண்டி. கிட்டத்துப் புள்ளி பதினைந்துக்கு மேல் நான்கு மில்லிமீட்டர் பக்கம்.

ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து. ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்பது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நெட்டை சரி. குட்டை சரி. கோணம் சரி. மூன்றும் சரியாக இருந்தும் முக்கோணம் இரண்டு. ஒன்றில் குட்டைக்குழாய் வெளிப்பக்கம் துளி சாய்ந்திருக்கும். இன்னொன்றில் உள்பக்கம் அதே அளவு சாய்ந்திருக்கும். தனித்தனியாக நிறுத்தினால் எந்தக் கொம்பனுக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டறையின் அளவு அட்டையை வைத்துக்கொண்டு அவள் நூறு தடவை அளந்திருந்தாலும் நூறு தடவையும் டிக்தான் போட்டிருப்பாள். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரமாக வராத பசி வந்தது.

கதவு திறந்து அண்ணன் உள்ளே வந்தான். தரையில் கிடந்த அட்டையையும் நூலையும் பார்த்து நின்றான்.

"என்ன இது?"

"அண்ணே, இங்க வாயேன். நான் அளந்தது சரி. பைத்தியம்னு நெனைக்காத, பாரு. கோணத்தயும் நெட்டையையும் வெச்சுட்டு குட்டையை மேலருந்து இறக்கினா, அது ஒரு எடத்துல முட்டல. ரெண்டு எடத்துல முட்டுது."

"தெரியும்" என்றான்.

அவள் தலையைத் தூக்கினாள். அவன் அட்டையைப் பார்க்கவில்லை. குண்டூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தெரியும்?"

அவன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் நூலை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"கடசிச் சட்டம் ஒண்ணு வண்டில இடிச்சு நசுங்கிப்போச்சுல்ல? ஒண்ணு கொறஞ்சது. ஜிக்க அதுக்குள்ள அடுத்த ஆர்டருக்குக் கழட்டிட்டாங்க."

ஜிக் என்பது ஆணி முளைத்த ஒரு பெரிய மேசை. குழாய்களை அந்த ஆணிகளுக்கு நடுவில் போட்டால் நகராது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒட்டினாலும் ஒரே சட்டம்தான் வரும். ஜிக் இல்லாமல் அந்தப் பட்டறையில் யாரும் சட்டம் செய்வதில்லை.

"சிம்பிளுதான் வந்து நின்னாரு. லாரி நிக்குது, கீழ தரைலயே போட்டு ஒண்ணு பண்ணிக் குடு. முப்பத்தேழுல நெட்டையை வையி, மேலருந்து குட்டையைத் தொங்கவிட்டு முட்டுற எடத்துல ஒட்டு, அடிக்குழாய்ல மிச்சத்த அறுத்து எறின்னாரு. தொங்கவிட்டேன். ரெண்டு எடத்துலயும் முட்டுச்சு."

"அப்புறம்?"

"கிட்ட இருந்த எடத்துல ஒட்டிட்டேன்."

"அடிக்குழாய அளக்கலியா?"

"நீ அளப்பன்னு நெனச்சேன்."

வெளியே தெருவில் யாரோ ஒரு தகரக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"ஒரு வாரமா என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க. பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்த."

"உன் அண்ணி தம்பி அவன். நான்தான்னு தெரிஞ்சா இந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க மாட்டா. இருந்தாலும் அது இருக்கறதா?" கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டுரேன். வேற பட்டறைல நான் சொல்லி வேல வாங்கித் தரேன்."

"அளக்காம டிக் போட்டவன்னு எழுதிக் குடுத்தவ கையில எவன்ணே டேப்பக் குடுப்பான்?"

அவன் நூலைக் கீழே போட்டான்.

"உன் பேரு என் வாயில வராது" என்றாள். "அதோட நிறுத்திக்க. ஆனா நான் அளந்தேன். அத நாளைக்கு அவங்க கண்ணு முன்னால காட்டத்தான் போறேன்."

"காட்டினா, யாரு பண்ணதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அண்ணி வருகிற சத்தம் படியில் கேட்டது. அண்ணன் எழுந்து, குண்டூசியைப் பிடுங்கி, அட்டையை நாலாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

*

திங்கட்கிழமை லாரி எட்டு மணிக்கே வந்துவிட்டது. சிம்பிள் சார் காகிதத்தையும் பேனாவையும் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"போட்டுர்றியா?"

"போடறேன் சார். அதுக்கு முன்னால மொதலாளியக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க."

"அவரு எதுக்கு?"

"கையெழுத்த அவரு பாக்கட்டும்."

முதலாளி வந்தார். வெல்டர்களும் ஒவ்வொருவராக முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். இறக்கிய சட்டம் முற்றத்தில் படுத்திருந்தது. பழைய இரும்புக் குவியலிலிருந்து, வண்டி இடித்து நசுங்கிய சட்டத்தையும் நாலு பேரை விட்டு எடுத்துவரச் சொன்னாள். நெட்டைக்குழாயின் நடுவில் ஒரு நசுங்கல். மற்றபடி அது ஜிக்கில் செய்த சட்டம்.

டேப்பை இடுப்பிலிருந்து கழற்றினாள். கோணமானியையும் எடுத்தாள். இரண்டையும் சிம்பிள் சாரிடம் நீட்டினாள்.

"நீங்களே அளங்க சார். லாரில வந்த சட்டத்த."

"நான் எதுக்கு..."

"அளய்யா" என்றார் முதலாளி.

அவர் குனிந்தார். கால்சட்டை தொப்பையில் பிடித்தது. "ரெண்டாயிரம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"குட்டை?"

"ஆயிரத்து இருநூத்தி... அஞ்சு."

"கோணம்?"

கோணமானியை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். அதற்குள் முதலாளியே குனிந்து பார்த்துவிட்டார்.

"முப்பத்தேழு" என்றார் முதலாளி.

"டிக் போடலாமா சார்?" என்று அவள் கேட்டாள்.

பின்னாலிருந்து ஒரு வெல்டர், "அடப்பாவமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நாலு பேரும் அந்தச் சட்டத்தைத் தூக்கி நசுங்கிய சட்டத்தின்மேல் வைத்தார்கள். அடிமூலைமேல் அடிமூலை, நெட்டைமேல் நெட்டை. நெட்டை இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. உச்சிமேல் உச்சி நின்றது. அங்கிருந்து குட்டைக்குழாய்கள் இரண்டும் பிரிந்தன. ஒன்று அந்தப் பக்கம் கொஞ்சம், ஒன்று இந்தப் பக்கம் கொஞ்சம், அகட்டி வைத்த கால்கள்போல. கீழே இரண்டு பாதத்துக்கும் நடுவில் முதலாளியின் கையகலம்.

முதலாளி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு தன் இரண்டு விரல்களை விரித்து, அதன் இடுக்கை இன்னொரு கையால் தொட்டுக் காட்டினார்.

"நடுவுல இருக்கற கோணம்னுல்லய்யா பாடத்துல வரும். ரெண்டு பக்கம், அதுங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டிருக்கற கோணம். நீ ஓரத்துக் கோணத்தப் போட்டு அட்டை அடிச்சு வெச்சிருக்க."

"அது தகடு மூடியிருக்கறதுனால, சார்..."

"அப்ப அடிக்குழாய அளக்க விட்டிருக்கணும். மூணு பக்கமும் சரின்னா கோணமே வேண்டாமே." அவர் நிமிர்ந்தார். "அது இருக்கட்டும். ஜிக்குல பண்ண சட்டம் எப்படி இப்படி வந்துச்சு?"

அவள் சட்டத்தைப் பார்த்தாள். பார்க்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. மற்றச் சட்டங்களில் அடிக்குழாயின் நுனி இயந்திர வாளில் வழவழவென்று அறுபட்டிருக்கும். இதில் கையால் கிரைண்டர் பிடித்து அறுத்த பிசிறு. ஒட்டின தழும்பு ஒவ்வொரு வெல்டருக்கும் கையெழுத்து மாதிரி. அண்ணன் இடதுகைக்காரன், அவன் தழும்பு முடிகிற இடத்தில் வால் இடப்பக்கம் திரும்பும். வால் அங்கே இருந்தது. வெல்டர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் கவனித்தாள். அண்ணன் முகமூடியைத் தூக்கவே இல்லை.

"ஜிக்குல ஆணி ஆடியிருக்கும் சார்" என்றார் சிம்பிள் சார்.

"ஆடியிருந்தா மத்ததும் இப்படித்தானே வந்திருக்கணும்?"

"கடசில ஆடியிருக்கும். அப்புறம் ஜிக்கக் கழட்டியாச்சு."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

முகங்களுக்கு நடுவில் ஒரு முகமூடி அசையாமல் நின்றது. அதற்குள் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

"ஜிக் எனக்குத் தெரியாது மொதலாளி. நான் அளக்கறவ."

அவர் காகிதத்தை சிம்பிள் சார் கையிலிருந்து வாங்கினார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நாளைலருந்து மூணு பக்கம். தூக்கறதுக்கு ஆள் வெச்சுக்க" என்றார். நடந்தவர் நின்று, "அந்தச் சனியன இங்க வெக்காதீங்க, அறுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யாரும் சொல்லாமலே அண்ணன் கிரைண்டரை எடுத்துவந்தான். நெட்டையில் தொடங்கவில்லை, அடிக்குழாயின் நடுவிலும் தொடங்கவில்லை. குட்டைக்குழாய் முட்டிய இடத்தில்தான் முதலில் வைத்தான். தீப்பொறி அவன் செருப்பு வரைக்கும் தெறித்தது. வால் திரும்பிய தழும்பு தூளாகிக் கொட்டியது. அவள் நின்று முழுவதையும் பார்த்தாள்.

*

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அண்ணி வாசலிலேயே நின்றாள். ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வாயில வந்ததப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றாள்.

"நீங்க ஒண்ணும் பேசவேயில்லியே அண்ணி."

"அதான்."

மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல்லியின் வலது காலில் எடை கட்டி, கட்டிலின் கால்பக்கம் கப்பி வைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பத்து நாளில் பாதியாகியிருந்தான். அவளைப் பார்த்ததும் தலையணையில் கொஞ்சம் நிமிர முயன்றான்.

"வாம்மா டேப்பு. இன்னிக்கி டாக்டரும் டேப்பு வெச்சு அளந்தாரு. எலும்பு கூடினப்புறம் இந்தக் காலு ரெண்டு சென்டிமீட்டர் கம்மியா இருக்குமாம். நீயா இருந்தா திருப்பி அனுப்பியிருப்ப."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அளந்தேன்" என்றாள்.

"தெரியும். அளக்காம நீ எதையாவது போட்டிருக்கியா? அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டா." அவன் அண்ணனைப் பார்த்தான். "மாமா, அப்ப அது யாரு கைவேல? வெல்டருங்கள்ல உங்களுக்குத் தெரியாம இருக்காதே."

அண்ணன் கையில் பிளாஸ்க் இருந்தது. அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், திறக்கவில்லை.

"எவனா இருந்தாலும் சரி" என்றாள் அண்ணி. "சொல்லக்கூட இல்ல பாரு. ஒரு பொண்ணு மேல பழிய விட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டிருந்தான் பாரு. அவன் வீட்டுலயும் அக்கா தங்கச்சி இருப்பாங்கல்ல?"

"மாமா?" என்றான் பல்லி மறுபடியும்.

"ஜிக்குல ஆணி ஆடிப்போச்சு" என்றாள் அவள். "யாரு மேலயும் தப்பு இல்ல. ஆணிதான்."

"நெசமாவா?"

"நான் பாத்தேன்."

பல்லி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையாட்டினான். டேப்பு சொன்னால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறியவன் அவன். இப்போதும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப சரி" என்றான்.

அண்ணியும் பெருமூச்சு விட்டுவிட்டு, தம்பியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். ஒரு வாரமாக டேப்பு எதற்காக அல்லாடினாளோ அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. எல்லாரும் அவள் சொன்னதை நம்பினார்கள்.

அண்ணன் பிளாஸ்க்கைத் திறந்தான். முதல் டம்ளர் டீயை அவளிடம் நீட்டினான். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் வாங்கிக்கொண்டாள்.